லீவில் வந்த கணவர் தூங்குவதில்லை

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு 23 வயது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. என் கணவர் 19 வயதில் ராணுவத்தில் சேர்ந்தார், இப்போது 25. மெட்ராஸ் ரெஜிமென்ட். அங்கிருந்து காஷ்மீரில் ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸுக்கு அனுப்பினார்கள். போன வருஷம் அங்கே நடந்த சண்டையில் இவருக்கு ஜோடியாகப் போட்டிருந்த பையன் இறந்துவிட்டார். இவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதற்கப்புறம் லீவில் வருவது இது இரண்டாவது முறை. ராத்திரி தூங்குவதே இல்லை. மாடியில் நடக்கிறார். கதவு பூட்டியிருக்கிறதா என்று நாலைந்து தடவை போய்ப் பார்க்கிறார். கேன்டீன் சரக்கைக் குடித்தால்தான் படுக்கிறார். ஒருநாள் கனவில் கத்தினார், தொட்டு எழுப்பினேன், என் கழுத்தைப் பிடித்துவிட்டார். விழித்ததும் அழுதார். அன்றிலிருந்து தனியாகப் படுக்கிறார். சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிட்டு, படம் போட்டு பேனரெல்லாம் வைத்தார்கள். காலையில் ஆளைக் காணோம். மோட்டார் கொட்டகையில் போய் உட்கார்ந்திருந்தார். ஒரு கேரளா நம்பரிலிருந்து அடிக்கடி போன் வருகிறது. பார்த்துவிட்டு ஸ்விட்ச் ஆஃப் செய்துவிடுகிறார். மாமனாரும் ராணுவத்தில் இருந்தவர்தான். “நாங்க சிலோன்ல பாக்காததா? நாங்க இப்படியா ஆனோம்?” என்கிறார். மாமியார் மந்திரிக்க வேண்டும் என்கிறார். டாக்டரிடம் போகலாம் என்றால் இவர், “தெரிஞ்சா கேட்டகிரி போட்டுடுவாங்க, வேலை போயிடும்” என்கிறார். லீவு முடிய இன்னும் மூன்று வாரம்தான். நான் என்ன செய்வது?

— பெயர் வெளியிட வேண்டாம், வேலூர் மாவட்டம்

பதில்: சகோதரிக்கு, முதலில் கழுத்து விஷயத்தைப் பேசிவிடுவோம். ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். அதைத் தாண்டிப் போகக் கூடாது.

அவர் உங்களைத் தாக்கவில்லை. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் இருந்த ஒருவர், இருட்டில் தன்மேல் விழுந்த கையைப் பிடித்தார். அது யாருடைய கை என்று தெரிவதற்குள் உடம்பு வேலையை முடித்துவிட்டது. அவர் மனசு சரி, ஆனால் உங்கள் கழுத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதனால் அவர் தனியாகப் படுப்பதை இப்போதைக்கு அப்படியே விடுங்கள். அது கோபமும் இல்லை, வெறுப்பும் இல்லை. உங்களைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி. மறுபடி கனவில் கத்தினால் கிட்டே போகாதீர்கள். வாசற்படியில் நின்று விளக்கைப் போட்டு, வழக்கமாக அவரை எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். “நான்தான், நம்ம வீடுதான் இது” என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அவர் பதில் சொன்ன பிறகு கிட்டே போனால் போதும். விழித்திருக்கும்போது, அல்லது குடித்துவிட்டு, கை நீட்டினால் அது வேறு கதை. அதை நோய் என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அன்றைக்கே அம்மா வீட்டுக்குப் போங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

அடுத்து, இது என்ன? ஒரு கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டுவது சரியில்லை, ஆளைப் பார்க்க வேண்டும். ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது பிடிஎஸ்டி என்று நாங்கள் சொல்லும் கோளாறோடு நன்றாகவே பொருந்துகிறது. உயிருக்கு ஆபத்தான ஒன்றைக் கண்ணால் பார்த்தவருக்கு அது கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எதையும் ஒதுக்குவது, உடம்பு எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருப்பது, தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எண்ணம் கறுத்துப்போவது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் கெடுத்தால்தான் நோய் என்போம். சண்டை முடிந்த முதல் சில வாரங்கள் பலருக்கும் தூக்கம் சரியாக வராது, அது நோய் இல்லை. உங்கள் கணவர் அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டார்.

கதவுப்பூட்டு விஷயத்தை மாமியார் விசித்திரமாகப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். அதில் விசித்திரம் எதுவும் இல்லை. காஷ்மீரில் விடிவதற்கு முன்பே சாலையை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். கிளறிய மண், புதிதாக முளைத்த ஒயர், வழக்கமாகத் திறந்திருக்கும் கடை இன்று மூடியிருப்பது எல்லாவற்றுக்கும் ஒரு அர்த்தம் உண்டு. ஒரு தெருவில் நுழைந்தால் கண் முதலில் மாடி ஜன்னலுக்குத்தான் போகும். இரண்டு வருஷம் இதையே செய்த உடம்பு, காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கியதும் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிடாது. அங்கே அப்படிப் பார்க்காதவன் பிழைக்க மாட்டான், இங்கே அப்படியே பார்ப்பவனை நாம் பயந்தாங்கொள்ளி என்கிறோம். நீலகிரியில் வெலிங்டனில் இருக்கும் ரெஜிமென்ட் மையத்தில் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து இதை ஏற்றி அனுப்புகிறார்கள். இறக்கி வைப்பதற்கு அந்த அளவுக்குப் பயிற்சி கிடையாது. ஜம்முவில் ரயில் ஏற்றிவிடுவதோடு சரி.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது தூக்கமின்மையும் இல்லை, பூட்டும் இல்லை. அந்த கேரளா நம்பர்.

நான் நினைப்பது தப்பாகக்கூட இருக்கலாம், அது வங்கிக் கடன்காரர்களின் போனாகவும் இருக்கலாம். ஆனால் மெட்ராஸ் ரெஜிமென்டில் தமிழ்ப் பையன்களோடு கேரள, ஆந்திர, கர்நாடகப் பையன்களும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். இறந்த அந்தப் பையன் எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்கவும் மாட்டீர்கள். என் ஊகம், அந்தப் போன் அவருடைய அம்மாவுடையது, அல்லது அண்ணனுடையது. மகன் கடைசியாக என்ன சாப்பிட்டான், என்ன பேசினான், வலித்திருக்குமா என்று கேட்க ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். அந்த ஆளோ போனை அணைத்துவிடுகிறார்.

சண்டைக்குப் போய் வந்த இளைஞர்களின் மனசில் பயம்தான் பெரிதாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்குப் பயம் இரண்டாவது விஷயம். முதல் விஷயம் குற்ற உணர்வு. “அன்றைக்கு இடம் மாத்திக்கிட்டோம் சார்.” “அவன் லீவுல போயிருக்கணும், நான் கேட்டேன்னு தள்ளிப்போட்டான்.” “நான் ஒரு நிமிஷம் முன்னாடி பாத்திருந்தா...” இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். சண்டையில் யார் பிழைப்பார், யார் சாவார் என்பதைப் பெரும்பாலும் ஒரு அடி தூரம், ஒரு நொடி நேரம் தீர்மானிக்கிறது. அதற்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் மனித மனசுக்கு “யாருமே பொறுப்பில்லை” என்பதைத் தாங்குவது, “நான்தான் பொறுப்பு” என்பதைத் தாங்குவதைவிடக் கஷ்டம். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டால், நான் வேறு மாதிரி நடந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்றாவது நினைக்கலாம். கையாலாகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஒப்புக்கொள்வதைவிட அது சுலபம். அதனால்தான் “உன்மேல் தப்பில்லை” என்று நீங்கள் நூறு தடவை சொன்னாலும் ஏறாது.

வயதையும் பாருங்கள். காலாட்படையில் ஒரு செக்‌ஷன் என்பது பத்துப் பேர். பத்தொன்பது வயதில் வீட்டை விட்டுப் போன பையனுக்கு அந்தப் பத்துப் பேர்தான் வீடு. ஒன்றாகச் சாப்பிட்டு, ஒரே பங்கரில் படுத்து, இவன் தூங்கும்போது அவன் முழித்திருந்து வளர்ந்தவர்கள். ஜோடியாகப் போட்ட ஆள் இறப்பது என்பது சக ஊழியர் இறப்பது இல்லை. இரவில் யார் முழித்திருப்பதை நம்பி இவர் தூங்கினாரோ, அந்த ஆளே போய்விட்டார். இப்போது இவர் ஏன் தூங்குவதில்லை என்பதற்கு மருத்துவக் காரணம் நிறைய சொல்லலாம். இதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் சாவு என்றால் ஒரு ஒழுங்கு இருக்கிறது. எடுக்கும்வரை கூட உட்கார்ந்திருப்போம், மறுநாள் பால் தெளிப்போம், பதினாறாம் நாள் காரியம் செய்வோம். அழுவதற்கு இடமும் நேரமும் கிடைக்கும். பட்டாலியனில் என்ன கிடைக்கும்? உடலை ஸ்ரீநகருக்கு எடுத்துப் போவார்கள். மலர்வளையம் வைப்பார்கள். பெட்டி விமானத்தில் ஊருக்குப் போகும். அங்கே துப்பாக்கி முழக்கம், கொடியை மடித்துத் தாயிடம் கொடுத்தல். அதையெல்லாம் டிவியில் நாம் பார்ப்போம். கூட இருந்த பத்துப் பேரில் மிச்சமிருப்பவர்கள் அன்று ராத்திரியே ரோந்து போயிருப்பார்கள். ஒரு சொட்டு அழவும் நேரம் இருந்திருக்காது.

இப்போது அந்தப் பேனரை நினைத்துப் பாருங்கள். நண்பனைக் காப்பாற்றவில்லை என்று உள்ளுக்குள் நம்பும் ஒருவரின் படத்தைப் பெரிதாகப் போட்டு மாவீரன் என்று எழுதி முச்சந்தியில் கட்டியிருக்கிறார்கள். அவர் மோட்டார் கொட்டகைக்கு ஓடாமல் வேறெங்கே ஓடுவார்? ஊர் நல்லெண்ணத்தில்தான் செய்தது, தெரியும். ஆனால் பாராட்டும் வாயை அடைக்கும். “நீ வீரன்” என்று சொன்ன பிறகு, “இல்லை, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்” என்று யாரிடம் போய்ச் சொல்வது? இந்த லீவில் விழா, சால்வை, பள்ளிக்கூடப் பேச்சு எதுவும் வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் நீங்களோ மாமனாரோ போய்ச் சொல்லிவிடுங்கள். உறவுக்காரப் பிள்ளைகள் “எத்தனை பேரைச் சுட்டீங்க மாமா?” என்று கேட்பார்கள், பெரியவர்களும் சரக்கு உள்ளே போனதும் கேட்பார்கள். அதை நிறுத்துங்கள். நீங்களும் கேட்காதீர்கள். ஒருவேளை அவர் சுட்டிருக்கலாம், சுட்டது யாரை என்பதுகூட உறுதியாகத் தெரியாமல் இருக்கலாம். வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்கு பாஸ்டனில் பல வருஷம் சிகிச்சை செய்த ஜொனாதன் ஷே என்ற மனநல மருத்துவர், பயத்தால் வரும் காயம் வேறு, மனசாட்சியில் படும் காயம் வேறு என்பதை 1990களில் அழுத்திச் சொன்னார். இரண்டாவது காயத்தைப் பற்றி வீட்டு வரவேற்பறையில் வைத்து விசாரிக்க முடியாது.

உங்கள் மாமனாரிடம் வருகிறேன். அவரைப் பற்றி நீங்கள் கொஞ்சம் சலிப்போடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவர்மேல் அக்கறைதான் வருகிறது.

சிலோன் என்று அவர் சொல்வது இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையை. 1987 ஜூலையில் இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் ஆனதும் போனது, 1990 மார்ச்சில் திரும்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். அமைதி காக்க என்று போனவர்கள் அக்டோபருக்குள் விடுதலைப் புலிகளோடு யுத்தத்தில் நின்றார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாலியன்களும் போயின. வேலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் போன இருபது வயதுப் பையன், தன் மொழியிலேயே அழும் சனங்களுக்கு நடுவில் துப்பாக்கியோடு நின்றான். அந்தச் சனங்கள் பட்டதும் இழந்ததும் தனிக் கதை, அது இதைவிடப் பெரிது. நான் இங்கே பேசுவது அந்தப் பையனைப் பற்றி மட்டும். கடைசிக் கப்பல் சென்னைக்குத் திரும்பியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்த அரசியல் சரியா தப்பா என்று இன்றைக்கும் சண்டை போடலாம். ஆனால் துறைமுகத்தில் இறங்கிய சிப்பாய்க்கு ஊர் சொன்ன செய்தி, ‘எங்களிடம் எதுவும் சொல்லாதே’ என்பதுதான்.

அப்பாவுக்கு வரவேற்பே இல்லை. மகனுக்கு பேனர். இரண்டு பேருமே பேசவில்லை, பார்த்தீர்களா? அவமதிப்பு செய்ததையே ஆரவாரமும் செய்திருக்கிறது. சண்டையிலிருந்து வந்தவருக்கு நடந்ததை நடந்தபடி கேட்டுக்கொள்ள, தீர்ப்புச் சொல்லாத ஒரே ஒரு ஆள் வேண்டும். இந்தக் குடும்பத்தில் இரண்டு தலைமுறையாக அது கிடைக்கவில்லை.

மாமியாரிடம் ஒருநாள் தனியாக, சமையலறையில் வைத்துக் கேட்டுப் பாருங்கள்: கல்யாணமான புதிதில் மாமா எப்படித் தூங்கினார்? எவ்வளவு குடித்தார்? எதற்கெல்லாம் கோபப்பட்டார்? உங்களுக்குப் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். சிலோன் போய் வந்தவர்கள் சிலர் என்னிடம் வந்ததெல்லாம் ரிட்டையர் ஆன பிறகுதான். சர்வீஸில் இருந்தவரை வேலை பிடித்து வைத்திருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்ததும் முப்பது வருஷத்துக்கு முந்தைய ராத்திரிகள் வர ஆரம்பித்தன. இப்படித் தாமதமாக வெளிப்படுவது எங்கள் துறையில் நன்றாகத் தெரிந்த ஒன்று.

“நாங்க இப்படியா ஆனோம்” என்ற கேள்விக்கு நேரடியான பதிலும் இருக்கிறது. எல்லோரும் இப்படி ஆவதில்லை. வியட்நாம் வீரர்களை 1980களில் பெரிய அளவில் ஆராய்ந்தபோது, போர் முடிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேர் இந்த நோயோடுதான் இருந்தார்கள். மற்றவர்கள் தைரியசாலிகள், இவர்கள் கோழைகள் என்று அந்தக் கணக்கைப் படிக்க முடியாது. யார் எவ்வளவு கடுமையான சண்டையில் எவ்வளவு நாள் இருந்தார், திரும்பி வந்தபோது யார் துணை இருந்தது என்பதெல்லாம்தான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது. இதைக் கோழைத்தனம் என்று நினைத்தவர்கள் முன்பும் இருந்தார்கள். முதல் உலகப் போரில் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915லேயே இந்த நிலையைப் பற்றி மருத்துவ இதழில் எழுதிவிட்டார். அப்படியும் ஓடிப்போனான், கோழை என்று சொல்லி பிரிட்டிஷ் ராணுவம் தன் சொந்த வீரர்கள் முன்னூறுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலருக்கு இருந்தது இந்த நோய்தான் என்று இன்று கருதுகிறோம். 2006ல்தான் 306 பேருக்கு மன்னிப்பு வழங்கினார்கள். அந்தப் போருக்கு நம் ஊர்ச் சிப்பாய்களும் போனார்கள். காயம்பட்ட ஒரு ராஜபுத்திர வீரர் 1915 ஜனவரியில் உறவினருக்கு எழுதிய கடிதம் தணிக்கை அதிகாரிகளின் கோப்பில் தங்கிவிட்டது. இது போர் இல்லை, உலகத்தின் முடிவு என்று எழுதியிருந்தார். அவரைக் கோழை என்று உங்கள் மாமனார் சொல்ல மாட்டார்.

இந்தப் பகுதியை அவரிடம் படித்துக் காட்டலாம். உடனே ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ஒருநாள் அவர் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “எனக்கும் ரொம்ப நாள் தூக்கம் வரலடா” என்று ஒரு வாக்கியம் சொன்னால், அதற்கு என் ஆலோசனை எல்லாவற்றையும்விட மதிப்பு அதிகம்.

மாமியார் கயிறு கட்டட்டும், வேண்டிக்கொள்ளட்டும், எனக்கு அதில் சண்டையில்லை. ஆனால் வேப்பிலை அடித்து ஆட வைக்கும் இடத்துக்கு அழைத்துப் போக விடாதீர்கள். அங்கே யாராவது ஒருவர், “செத்துப்போன கூட்டாளி இவன்மேல் இறங்கியிருக்கிறான்” என்று சொல்லிவிட்டால் போதும். ஏற்கனவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கும் மனுஷன் உடைந்துபோவார்.

இனி கேட்டகிரி. அவர் பயம் கற்பனை இல்லை, அதனால் மழுப்பாமல் சொல்கிறேன். ராணுவத்தில் உடல்தகுதியை ஐந்தாகப் பிரித்து மதிப்பெண் போடுகிறார்கள், அதில் ஒன்று மனநலம். மனநல மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் தற்காலிகமாகத் தகுதியைக் குறைப்பார்கள். கமாண்டிங் ஆபிசரின் அறிக்கையும் சேர்த்துக் கேட்பார்கள். கொஞ்ச காலம் துப்பாக்கி இல்லாத வேலை, பிறகு மறுபரிசோதனை. தேறினால் பழைய தகுதிக்கே திரும்பலாம். பிரமோஷன், சில போஸ்டிங், கோர்ஸ் இதெல்லாம் அந்தக் காலத்தில் தள்ளிப்போகலாம். யூனிட்டில் நாலு பேர் கேலியும் பேசலாம். ஆனால் டாக்டரிடம் போன உடனே வேலை போய்விடும் என்பது உண்மை இல்லை. குறைந்த தகுதியிலேயே சர்வீஸை முடித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிகிச்சை இல்லாமல் ராத்திரி காவலில் நிற்கும்போது இவர் உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் எதிர்ப்பக்கத் தட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தானாகப் போய்ச் சொல்பவரையும், துப்பாக்கியோடு தகராறு செய்து பிடிபட்டவரையும் எந்த யூனிட்டும் ஒரே மாதிரி நடத்தாது.

(உங்கள் கணவர் பழைய முறையில் சேர்ந்தவர் என்று வயதை வைத்துக் கணக்கிடுகிறேன். 2022க்குப் பிறகு அக்னிவீராகச் சேர்ந்த பையன்கள் பாடு இன்னும் கஷ்டம். நாலு வருஷம் முடிந்ததும் 25 சதவீதம் பேர்வரைதான் நிரந்தரம் என்றால், தூக்கம் வரவில்லை என்று எந்தப் பையன் வாயைத் திறப்பான்?)

நடைமுறையில் என்ன செய்யலாம்? நீங்கள் வேலூர்ப் பக்கம் இருப்பது ஒரு வசதி. பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இந்த வாரமே ஒரு தடவை போங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி நோயாளி சொல்வதை ரகசியமாக வைக்க மருத்துவர் கடமைப்பட்டவர். உயிராபத்து போன்ற விதிவிலக்கு இல்லாமல், அவர் சம்மதிக்காமல் யூனிட்டுக்குத் தகவல் போகாது. நேரில் போகத் தயங்கினால் டெலி-மானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசி இருக்கிறது, எண் 14416, தமிழிலேயே பேசலாம். படைவீரர்களுக்கென்று புனேயில் அதன் தனிப் பிரிவு 2023 டிசம்பரில் தொடங்கப்பட்டது.

ஆனால் வெளியில் ரகசியமாக மாத்திரை வாங்கிப் பெட்டியில் ஒளித்துக்கொண்டு காஷ்மீர் திரும்புவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாத்திரை தீரும், நடுவில் நிற்கும், யாராவது பார்ப்பார்கள். இங்கே முதல் ஆலோசனை, அந்த டாக்டரின் கடிதம், பிறகு சென்னை ராணுவ மருத்துவமனையிலோ, யூனிட் டாக்டரிடமோ தானே போய்ச் சொல்வது. இதுதான் என் யோசனை. எல்லாத் தாள்களுக்கும் ஒரு நகல் வீட்டில் வையுங்கள், பின்னால் இந்தப் பாதிப்புக்காகப் பென்ஷன் கேட்க நேர்ந்தால் வேண்டியிருக்கும். சேரும்போது நல்ல ஆரோக்கியத்தில் சேர்ந்த சிப்பாய்க்குப் பின்னால் வரும் பாதிப்பைப் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்றால் நிர்வாகம்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2013ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023ல் விதிகளை மாற்றியிருக்கிறார்கள், ஆகவே இன்றைய நிலையை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வேலையை மாமனாரிடம் கொடுங்கள். அவருக்கு அந்த அலுவலகம் பழக்கமாக இருக்கும், செய்ய ஒரு காரியமும் கிடைக்கும்.

சிகிச்சை என்றால் பொதுவான அறிவுரை இல்லை. நடந்ததைப் பாதுகாப்பான இடத்தில், பயிற்சி பெற்றவர் முன்னால், படிப்படியாகத் திரும்பச் சொல்லிச் சொல்லி, நினைவு அவரை ஆளும் நிலையை மாற்றும் முறை இருக்கிறது. குற்ற உணர்வைப் பிரித்துப் பார்க்கும் முறையும் இருக்கிறது. பொதுவாக வாரம் ஒருமுறை, மூன்று மாத அளவு. ஆரம்ப வாரங்களில் கனவு அதிகமாகக்கூடத் தோன்றும், அதற்குப் பயந்து நிறுத்திவிடக் கூடாது. மாத்திரையில் செர்ட்ரலின், பராக்சிடின் போன்றவை உதவும். வேலை செய்ய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தானாக நிறுத்தக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம், சரக்கோடு சேர்ந்தால் மூச்சையே நிறுத்திவிடும். எல்லோரும் முழுசாகக் குணமாகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலானவர்கள் தூங்கவும், வேலை செய்யவும், மனைவிக்குப் பக்கத்தில் படுக்கவும் முடிகிற நிலைக்கு வருகிறார்கள்.

குடி அவருக்கு இப்போது மருந்து. தூங்க வைக்கும், ஆனால் மூன்று நான்கு மணிக்கு எழுப்பிவிடும், கனவைக் கூட்டும். பாட்டிலை ஒளித்துவைத்துச் சண்டை போடாதீர்கள். தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம்கூட வரலாம். அதையும் டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

இன்னொன்றை நேராகக் கேளுங்கள்: “செத்துப்போகலாம்னு தோணுதா?” கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அப்படி வருவதில்லை. கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்பதே பலரைத் தடுத்திருக்கிறது. ஆமாம் என்று சொன்னால் மூன்று வாரமெல்லாம் கிடையாது, அன்றைக்கே மருத்துவமனை. பதில் எதுவானாலும் மோட்டார் கொட்டகையில் பூச்சிமருந்து டப்பா இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

அந்த நம்பருக்கு நீங்களே போன் செய்து பேச ஆசை வரும். செய்யாதீர்கள். அவருக்குத் தெரியாமல் அந்தக் கதவைத் திறந்தால் உங்கள்மேல் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும். அவரிடமே, ஒரு சாயங்காலம், முகம் பார்க்காமல் ஏதாவது வேலை செய்துகொண்டே கேளுங்கள்: “அந்தத் தம்பிக்கு எந்த ஊரு? எப்படி இருப்பாரு?” எப்படி இறந்தார் என்று கேட்க வேண்டாம், எப்படி இருந்தார் என்று கேளுங்கள். அவர் எழுந்து போய்விட்டால் விடுங்கள். பேசினால் ஆறுதல் சொல்லாமல் கேளுங்கள், அவ்வளவுதான். சிகிச்சை கொஞ்சம் பிடித்த பிறகு, அவரும் சரி என்றால், அந்த வீட்டுக்கு நீங்கள் இருவரும் சேர்ந்து ஒருமுறை போய்வரலாம். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் பழி சொல்வார்கள் என்று இவர் நினைக்கிறார். நான் கேள்விப்பட்டவரை, பெரும்பாலான வீடுகளில் முதலில் உட்காரச் சொல்லிச் சாப்பாடு போடுவார்கள். ஆனால் இதை இந்த மூன்று வாரத்துக்குள் முடித்தே ஆக வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். அடுத்த லீவு இருக்கிறது.

உங்களுக்கும் 23 வயதுதான். எல்லோருடைய தூக்கத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் தூக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. கழுத்து விஷயம் உட்பட எல்லாவற்றையும் உங்கள் அம்மாவிடமோ அக்காவிடமோ சொல்லிவையுங்கள். இந்த வீட்டு ரகசியத்தை நீங்கள் ஒருவரே காவல் காக்க முடியாது. அவர் டாக்டரிடம் வர மறுத்தால் முதல் தடவை நீங்கள் மட்டும் போங்கள், அதற்கும் சீட்டுப் போடுவார்கள். எனக்கு எழுதியதையே ஒரு தாளில், எந்தத் தேதியில் என்ன நடந்தது, எத்தனை மணிக்கு எழுந்தார், எவ்வளவு குடித்தார் என்ற விவரத்தோடு எழுதி எடுத்துப் போங்கள். திங்கட்கிழமை கூட்டம் அதிகம், செவ்வாய் அல்லது புதன் காலையில் போவது நல்லது.